எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா?

சாப்பாட்டு மேசையை ஈரத்துணியால் துடைத்த தடம் இன்னும் காயவில்லை. நடுவில் பள்ளிக்கூடத்து லேப்டாப் இருந்தது. அதன் பக்கவாட்டில் ஒரு கார்டு ரீடர், அதற்குள் சுண்டுவிரல் நகத்தளவு மெமரி கார்டு ஒன்று. திரையில் ஒரே ஒரு கேள்வி. இந்தக் கார்டில் உள்ள எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா?

எதிர் நாற்காலியில் பிலோமி மைனி சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் மைனி என்போம், கணவரை அத்தான்.

"என்னளா முழிச்சிட்டு இருக்க? என்ன கேக்குது அது?"

"எல்லாத்தையும் அழிச்சிரட்டுமான்னு கேக்குது மைனி."

"வேண்டாம்னு சொல்லு."

"வேண்டாம்னு சொன்னா அத்தானோட கப்பல் தெரியாது."

மைனி கத்தியைக் கீழே வைத்தார். "அப்ப சரின்னு சொல்லு. இதுக்குப் போயி என்ன யோசனை?"

சரி என்று அழுத்தினேன். ஒரு பச்சைக் கோடு இடப்பக்கத்திலிருந்து மெதுவாக நகரத் தொடங்கியது.

ஊரடங்குக் காலத்து மத்தியானம் அது. தெருவில் சைக்கிள் மணிகூடக் கேட்காது. உப்பளக் காற்று மட்டும் ஜன்னல் கதவை ஆட்டிக்கொண்டிருந்தது.

இந்தத் தொடரில் பள்ளிக்கூடத்தைப் பற்றியே எழுதுகிறீர்களே, உங்கள் வீட்டுக்காரர் எங்கே என்று வாசகி ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. எங்கள் திருமண வாழ்க்கையில் பெரும்பாலான நாட்களில் எனக்கே அதற்குச் சரியான பதில் தெரிந்ததில்லை. கடலில் எங்கேயோ இருந்தார்.

பிலோமி டீச்சரின் தம்பி

எனக்கு ஊர் நாசரேத். வீட்டில் அப்பா, அம்மா, அத்தை என்று எல்லாரும் ஆசிரியர்கள். நானும் கணக்கு டீச்சராகி, தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே தையல் சொல்லிக்கொடுத்தவர் பிலோமினா டீச்சர். கடற்கரைத் தெருவில் பிறந்தவர், கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர். மாடியில் அவர் பேசினால் மைதானத்தில் விளையாடும் பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள். ஆசிரியர் அறையில் எனக்கு அவருக்குப் பக்கத்து நாற்காலி.

எனக்கு முப்பது தாண்டியும் வரன் அமையவில்லை. ஒருநாள் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே பிலோமி டீச்சர் கேட்டார்.

"எனக்கு ஒரு தம்பி இருக்கான். மிக்கேலுன்னு பேரு. கப்பல்ல எலக்ட்ரீசியன். வருசத்துல பாதிக்கு மேல வீட்ல இருக்கமாட்டான். இருக்க நாள்ல எதையாவது கழட்டிப் போட்டுட்டு இருப்பான். ஒனக்குச் சம்மதமா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே என் பதிலுக்காகக் காத்திருந்தார்.

அந்தத் தம்பி விடுமுறையில் வந்தபோது, அக்காவைக் கூப்பிட வந்த மாதிரி ஆசிரியர் அறைக்கு வந்தார். கறுத்து, ஒல்லியாக, சட்டைப்பையில் ஒரு டெஸ்டரோடு. என் முன்னால் நின்று அவர் பேசிய முதல் வார்த்தை, "பேரிங் போயிருக்கு." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தலைக்குமேல் டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார். மறுநாள் ஏணியோடு வந்து அதைச் சரிசெய்தும் கொடுத்தார். அந்த ஒரு மின்விசிறிக்காக அவர் மூன்று தடவை வர வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அவர்கள் கத்தோலிக்கர், நாங்கள் புராட்டஸ்டன்ட். நாங்கள் ஜெபம் என்போம், அவர்கள் செபம் என்பார்கள். நாங்கள் ஆராதனைக்குப் போவோம், அவர்கள் பூசைக்குப் போவார்கள். அந்த ஓரெழுத்து வித்தியாசத்தைத் தாண்டி வர அப்பாவுக்கு ஒரு வருடத்துக்குமேல் ஆனது. அதற்குள் அத்தான் மறுபடியும் கப்பலேறிப் போய்த் திரும்பியும் வந்துவிட்டார். என் காத்திருப்பு கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது.

கல்யாணத்துக்குப் பிறகு எட்டொன்பது மாதம் கடல், இரண்டு மூன்று மாதம் வீடு என்று வாழ்க்கை போனது. குழந்தை இல்லை. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருந்தாத்தானே என்று டாக்டரம்மா ஒருமுறை தமாஷாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் கிளம்பிப் போனால் முதலில் குளியலறையில்தான் தெரியும். அவருடைய சோப்பு ஈரம் போய், வெளிறி, நடுவில் கீறல் விடும். நான் அதை எடுத்துப் போடமாட்டேன். அவர் வரும்போது அது கல்லாகிக் கிடக்கும். புதுச் சோப்பைப் பிரித்து வைப்பதுதான் எங்கள் வீட்டில் அவரை வரவேற்கும் சடங்கு.

கேட்பதற்கு ஒரு காது

ஒரு விடுமுறைக்கு வந்தபோது சிங்கப்பூரிலிருந்து ஒரு சின்னப் பலகை வாங்கி வந்தார். பச்சை நிறம். சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். இதுவும் ஒரு கம்ப்யூட்டர் என்றார். திரை இல்லை, பொத்தான் இல்லை, அணைக்கக்கூட ஒரு சுவிட்ச் இல்லை. அடியில் மட்டும் கீற்றுப்போல ஒரு துளை.

"இதுக்கு மூளை உண்டு எஸ்தரு. ஞாபகம் கிடையாது" என்று சொல்லி ஒரு மெமரி கார்டை அந்தத் துளைக்குள் நுழைத்தார். "ஞாபகமெல்லாம் இந்தக் கார்டுலதான். இது இல்லேன்னா, தான் ஒரு கம்ப்யூட்டருங்கதே அதுக்குத் தெரியாது. முழிக்கவே முழிக்காது."

அந்த விடுமுறை முழுக்க மொட்டை மாடியிலேயே கிடந்தார். செம்புக் கம்பிகளை வெட்டி, பிளாஸ்டிக் குழாய்க்குள் நிறுத்தி, தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் ஆண்டெனாவாகக் கட்டினார். அதன் கம்பி டிவி பார்க்கப் பயன்படும் ஒரு சின்ன ரேடியோக் குச்சிக்கு வந்தது. குச்சி பலகையில் செருகப்பட்டது. பலகை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போனது. அன்று சாயங்காலம் என்னையும் மைனியையும் லேப்டாப் முன்னால் உட்காரவைத்தார்.

திரையில் எங்கள் கடற்கரை. துறைமுகத்தின் இரண்டு கைகளாக நீண்ட அலைதடுப்புச் சுவர்கள். நீலக் கடலில் அங்கங்கே சின்ன முக்கோணங்கள்.

"கப்பல் எல்லாமே கத்திக்கிட்டேதான் போகும். நான் இன்னாரு, இங்கன இருக்கேன், இந்தப் பக்கமாப் போறேன்னு ரேடியோவுல சொல்லிக்கிட்டே இருக்கும். ஒண்ணோட ஒண்ணு மோதிரக் கூடாதுல்லா, அதுக்கு. நமக்குக் கேக்க ஒரு காது வேணும். அவ்வளவுதான்."

"அப்ப ஒன் கப்பல் வந்தாலும் தெரியுமால?" என்று மைனி கேட்டார்.

"தூத்துக்குடிக்கு வந்தாத் தெரியும். எங்க கப்பல் எங்க இங்க வருது?" என்று சிரித்தார். அந்த வாரமே கிளம்பிப் போய்விட்டார்.

எனக்கு அது பழக்கமாகிவிட்டது. பரீட்சைத் தாள் திருத்தும்போது பக்கத்தில் லேப்டாப் திறந்தே இருக்கும். யாரோ எவரோ ஏறிய கப்பல்கள். சரக்கோடு வரும், இறக்கிவிட்டுப் போகும். ஒவ்வொன்றிலும் இருபது ஆண்கள் இருப்பார்கள், இருபது வீடுகளில் யாராவது எதையாவது எடுத்துப் போடாமல் வைத்திருப்பார்கள் என்று தோன்றும். தாளில் மதிப்பெண் கூட்டுவதை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிறகு ஒரு கோடைத் தொடக்கத்தில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. ஒருநாள் வரைபடத்தில் முக்கோணங்களே இல்லை. கரண்ட் படக்கென்று போனால் இந்தக் கார்டுகள் செத்துப்போவது உண்டாம். "கவலைப்படாத. கார்டுல இருந்ததை அப்படியே ஒரே ஃபைலா எடுத்து பென் டிரைவுல வச்சிருக்கேன். புதுக் கார்டுல எழுதுனாப் போதும். லீவுக்கு வந்து பாத்துக்கிடுதேன்" என்று அத்தான் மெசேஜ் அனுப்பினார்.

அவர் விடுமுறைக்கு வர இரண்டு மாதம்தான் இருந்தது. அதற்குள் உலகத்தையே பூட்டிவிட்டார்கள்.

வாரேன், இறங்க முடியாது

கப்பலில் ஆள் மாற்றக் கூடாது என்றார்கள். ஒப்பந்தம் முடிந்தவர்களும் இறங்க முடியவில்லை. அடுத்த துறைமுகத்தில் பார்ப்போம், அதற்கடுத்ததில் பார்ப்போம் என்று அவருக்கு மாதங்கள் ஓடின. அவர் அனுப்பும் செய்திகள் சுருங்கிக்கொண்டே வந்தன. முதலில் பாரா பாராவாக வந்தது, பிறகு ஒரு வரியானது. பிறகு 'நல்லாருக்கேன்' மட்டும்.

ஒரு காலையில் அடுத்தடுத்து இரண்டு செய்திகள் வந்தன.

"எஸ்தரு, அடுத்த சரக்கு நம்ம தூத்துக்குடிக்கு. நிலக்கரி. நான் வாரேன்ளா."

"இறங்க உடமாட்டாங்களாம்."

மைனிக்கு இரண்டையும் வாசித்துக் காட்டினேன். அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று எங்களோடு கீழ்வீட்டில் இருந்தார். முதல் செய்திக்கு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டவர், இரண்டாவதைக் கேட்டு என் போனைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"நம்ம கடல்ல வந்து நிப்பான், வீட்டுக்கு வரமாட்டானா?"

"ஆமா மைனி."

"யாருட்ட கேக்கணும்? நான் கேக்கேன்."

கப்பல் ஏஜென்ட் அலுவலகத்துக்கு அவரே போன் போட்டார். அந்தப் பக்கம் பேசிய பையன் மரியாதையாகத்தான் பேசினான். முடியாது என்பதை எத்தனை விதமாகச் சொல்ல முடியுமோ அத்தனை விதமாகச் சொன்னான். மைனி போனை வைத்துவிட்டு, "நல்ல பிள்ளைதான். அவன் என்ன செய்வான்" என்றார்.

என் போனில் கப்பல்களைக் காட்டும் இலவச ஆப் ஒன்று இருந்தது. அது அத்தானின் கப்பலை எங்கேயோ நடுக்கடலில், என்றைக்கோ பார்த்த இடத்திலேயே நிறுத்திவைத்திருந்தது. அப்போதுதான் மொட்டை மாடி டப்பா ஞாபகம் வந்தது.

பென் டிரைவ் அவர் மேசை இழுப்பறையில் இருந்தது. கார்டு இல்லை. கம்ப்யூட்டர் சாமான் விற்கும் அண்ணாச்சியைப் போனில் பிடித்தேன்.

"டீச்சர், கடை பூட்டிக் கெடக்கு. நான் ஏரல்ல மாமனார் வீட்ல மாட்டிக்கிட்டேன். தொறந்ததும் மொத கார்டு ஒங்களுக்குத்தான்" என்றார்.

வீட்டில் இருந்த ஒரு கார்டு சின்னது. ஃபைல் அதில் கொள்ளவில்லை. பீரோவில் என் பழைய போன் கிடந்தது. அதற்குள் இருந்த கார்டுதான் சரியான அளவு. போனைச் சார்ஜ் போட்டு உயிர்ப்பித்து, படங்களையெல்லாம் லேப்டாப்புக்கு மாற்றினேன். கல்யாணப் படங்கள், மைனியின் பிரிவுபசார விழா, அப்பாவின் கடைசிக் கிறிஸ்துமஸ். எல்லாம் வந்துவிட்டதா என்று இரண்டு முறை சரிபார்த்தேன். பிறகுதான் கார்டை உருவி ரீடரில் போட்டேன்.

பச்சைக் கோடு

கோடு பாதியை நெருங்கியிருக்கும். வெங்காயத் தோல்கள் மேசையில் பறந்தன. மைனி அவற்றைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டே கேட்டார்.

"அதுல என்னதான் இருந்துச்சு?"

"போட்டோதான் மைனி. எல்லாம் எடுத்து வச்சுட்டேன்."

"போட்டோ மட்டுந்தானா? காதுல வச்சுக் கேட்டுட்டே இருப்பியே, அவன் பேசுனது. அது?"

என் கை கார்டு ரீடருக்குப் போய்விட்டது.

கல்யாணமான இரண்டாவது வருடம் அது. ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து பேசினார். அந்தப் போனில் பேச்சைப் பதிவுசெய்யும் ஏதோ ஒன்று தானாக ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. பல நாள் கழித்துத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. சில நிமிடம்தான். ஆனால் செய்தி வராத வாரங்களில் அதைத்தான் போட்டுக் கேட்பேன். புதுப் போன் வாங்கியபிறகும் பழையதை பீரோவில் வைத்திருந்தது அதற்காகத்தான். அந்தப் பேச்சு படங்களோடு இல்லை, அதே கார்டில் வேறொரு இடத்தில் இருந்தது. கப்பல் வருகிற அவசரத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

கார்டை உருவி விடலாம். உருவினால் என்ன மிஞ்சும்? எழுதியவரைக்கும் பழையது போய்விட்டது. நிறுத்தினால் புதியதும் இல்லை. கணக்கு டீச்சருக்கு இதைப் போட்டுப் பார்க்கத் தாள் வேண்டாம். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"போச்சா?"

"போச்சு மைனி."

மைனி தட்டை ஒதுக்கிவிட்டு, வெங்காய வாசனை அடித்த கையை என் கைமேல் வைத்தார். கோடு கடைசிவரை போய்ச் சேரும்வரைக்கும் அப்படியே இருந்தோம். எழுதியது சரியாக இருக்கிறதா என்று அதுவே ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தது. அதற்கும் அவ்வளவு நேரம். சரியாக இருக்கிறது என்று சொன்னது.

மொட்டை மாடிக்குப் போய் டப்பாவைத் திறந்து, கார்டைச் செருகி, மின்சாரம் கொடுத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அது கரண்ட் வருகிறது என்பதற்கு. பச்சை விளக்கு மினுக்கினால்தான் கார்டைப் படிக்கிறது என்று அர்த்தம். பச்சை வரவில்லை. வெயிலில் தெரியவில்லையோ என்று முந்தானையால் மூடிப் பார்த்தேன். இல்லை.

உப்புக் காற்று. துளையின் வாயில் வெள்ளையாகப் பூத்திருந்தது. பழைய பல் பிரஷ் கொண்டுவந்து தேய்த்தேன். கார்டை முந்தானையில் துடைத்து மறுபடியும் உள்ளே தள்ளி, கரண்டைப் போட்டேன். பச்சை விளக்கு ஒருமுறை மினுக்கி நின்றது. பிறகு விடாமல் மினுக்கத் தொடங்கியது.

"மைனீ!" என்று மாடியிலிருந்து நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாஸ்க் இல்லாமல் வெளியே வந்துவிட்டார்கள்.

கீழே லேப்டாப்பில் கடல் வெறுமையாகக் கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே துறைமுக வாயில் ஒரு முக்கோணம் வந்தது.

"அவனா?"

"இல்ல மைனி. இது கப்பல இழுக்க படகு."

"சரி, அதாவது வந்துச்சே" என்று சொல்லி வெங்காயத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார்.

முதலில் எண், பிறகு பெயர்

மறுநாள் காலை, வரைபடத்தின் கீழ் விளிம்பில் ஒரு முக்கோணம் தெரிந்தது. பெயர் இல்லை, கப்பலின் ரேடியோ அடையாள எண் மட்டும். கப்பல் தான் இருக்கும் இடத்தை நொடிக்கு நொடி சொல்லும், பெயரைச் சில நிமிடத்துக்கு ஒருமுறைதான் சொல்லும். எனக்குப் பெயர் தேவைப்படவில்லை. அந்த ஒன்பது இலக்கத்தை என் போன் எண்ணைவிட நன்றாகத் தெரியும்.

மைனியைக் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் அது எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று இருந்தது. முக்கோணம் ஒரு நூல் அளவு மேலே ஏறியது. இன்னொரு நூல். இத்தனை மாதங்களில் அவர் என்னை நோக்கி வருவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். பிறகு எண் மறைந்து பெயர் வந்தது. ஒரு பூவின் பெயர். அப்போதுதான் கூப்பிட்டேன்.

மைனி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எங்க அப்பா சங்கு குளிக்கப் போவாரு" என்றார். "திரும்பி வரும்போது வள்ளம் எல்லாம் ஒண்ணுபோலத்தான் தெரியும். எங்க வள்ளத்துப் பாயில மட்டும் அம்மை சேலையக் கிழிச்சு நீலமா ஒரு ஒட்டு போட்டிருக்கும். அது கண்ணுல பட்டாப் போதும், அம்மை வீட்டுக்கு வந்து உலை வச்சிருவா. வள்ளம் கரைக்கு வரட்டும்னு நிக்கமாட்டா."

மத்தியானத்துக்குமேல் கப்பல் வெளியே நங்கூரம் போட்டது. மாடிக்கு ஏறினோம். தொடுவானத்தில் ஐந்தாறு கப்பல்கள் தீப்பெட்டி தீப்பெட்டியாக நின்றன. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். வரைபடத்தைப் பார்த்து, பெரிய கோயில் கோபுரத்திலிருந்து வலப்பக்கம் எண்ணி, அதுதான் என்று கை காட்டினேன். மைனி முந்தானையை எடுத்து ஆட்டினார். அங்கிருந்து அத்தானுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். நானும் ஆட்டினேன்.

அப்போது போன் அடித்தது. கரையின் நெட்வொர்க் அவருக்குக் கிடைத்துவிட்டது.

"எஸ்தரு. வந்துட்டோம்ளா."

"தெரியும். காலையிலேயே பாத்துட்டேன்."

"எப்படி? பெட்டி செத்துல்லா கெடந்துச்சு?"

"முழிக்கவச்சுட்டேன்."

"கார்டு எங்கன கெடச்சுச்சு?" என்றார். சொன்னேன். அந்தப் பதிவு போனதையும் சொன்னேன்.

"நான் என்ன பேசியிருந்தேன்?"

"எஸ்தரு, சாப்ட்டியா. இங்க இன்னைக்கும் முட்டையும் ரொட்டியும்தான். மோட்டார் போட்டாத் தண்ணி ஏறுதா. ஏறலேன்னா வால்வத் தட்டிப் பாரு. அக்காவுக்குக் கால்வலி எப்படி இருக்கு, தைலம் தேய்க்கச் சொல்லு." ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டே போனேன். "அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசமாட்டீங்க. பின்னாடி இன்ஜின் சத்தம் கேக்கும். யாரோ ஒருத்தர் ஒங்களக் கூப்புடுவாரு. இந்தா வாரேம்பீங்க. அப்புறம் என்ட்ட, நீ ஏதாவது பேசுளா, நான் கேட்டுட்டு இருக்கேன்னு சொல்வீங்க. நான் எட்டாம் வகுப்பு மார்க்கப் பத்திப் பேசுவேன். அதோட முடிஞ்சிரும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"இதையா வச்சிருந்த?"

"ம்."

"இப்பத் தண்ணி ஏறுதா?"

"ஏறுது" என்றேன். மைனி என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "ஏலே மிக்கேலு, மெலிஞ்சிட்டியா?" என்று தொடுவானத்துக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

வெள்ளைக் கட்டடம்

சில நாளில் கப்பலை உள்ளே கூட்டிப்போய் நிலக்கரி இறக்கும் தளத்தில் கட்டினார்கள். மாசிச் சம்பல், எலுமிச்சை ஊறுகாய், முறுக்கு, அவருடைய சோப்பு இரண்டு. எல்லாவற்றையும் பையில் கட்டிக்கொண்டு துறைமுக வாசலுக்குப் போனோம். ஏஜென்ட் அலுவலகத்துப் பையன் தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பில் வந்தான். பையை ஒரு மேசைமேல் வைக்கச் சொல்லி, நாங்கள் தள்ளிப் போனபிறகு எடுத்துக்கொண்டான். "கண்டிப்பாக் குடுத்திருவேன்மா" என்றான். கொடுத்தும் விட்டான்.

உடனே திரும்ப மனம் வரவில்லை. சாலையோர வேப்ப மரத்தடியில் நின்று போன் போட்டோம்.

"எங்கன நிக்கீங்க?" என்றார்.

"வாசலுக்கு வெளியே. ஒரு வெள்ளைக் கட்டடம் இருக்கு."

"வெள்ளைக் கட்டடம் எனக்குத் தெரியுது. அதுக்கு அந்தப் பக்கமா?"

"ஆமா. நீங்க எங்க நிக்கீங்க?"

"மேல்தளத்துல. கிரேன் பக்கத்துல."

எனக்குக் கிரேனின் உச்சி தெரிந்தது. அவருக்குக் கட்டடத்தின் கூரை தெரிந்தது. அந்தக் கட்டடத்தில் யாரோ ஜன்னலைத் திறந்து தேநீர்க் கோப்பையைக் கழுவி ஊற்றினார்கள். அதைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் பேசினோம். நடந்தே போயிருந்தால் சாமான் வாங்கக் கடைக்குப் போகிற தூரம்தான் இருக்கும்.

அவர் அந்த வருடக் கடைசியில் வேறொரு நாட்டில் இறங்கி, விமானத்தில் வந்து சேர்ந்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாசகர்கள் பதற வேண்டாம். இப்போது வேலையை விட்டுவிட்டு வீட்டில்தான் இருக்கிறார். ஆனாலும் காலையில் மீன் வாங்கப் போனவர் வரக் கொஞ்சம் தாமதமானால் நான் வாசலுக்கு வந்துவிடுகிறேன். உடம்பு அப்படிப் பழகிவிட்டது.

கப்பல் கிளம்பிய நாள்

நிலக்கரி இறக்கி முடித்து ஒரு மத்தியானம் கிளம்பினார்கள். நிலக்கரி ஏற்ற மறுபடி இந்தோனேசியா. அத்தான் போனில் இருந்தார். நான் லேப்டாப் முன்னால், மைனி பக்கத்தில். பேச விஷயம் எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. முறுக்கு நல்லா இருந்துச்சு என்றார். காத்து இல்லாமக் கடல் அமைதியா இருக்கு என்றார். பைலட் இறங்கிட்டாரு என்றார். அதை அவர் சொல்லும் முன்பே கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே வழிகாட்டிவிடும் அந்தப் பைலட்டுடைய படகின் முக்கோணம் பிரிந்து கரைக்குத் திரும்புவதைப் பார்த்துவிட்டேன்.

குரல் விட்டு விட்டு வந்தது. "எஸ்தரு, நெட்வொர்க்..." என்றார். அதோடு போய்விட்டது.

முக்கோணம் போகவில்லை. போனுக்கு எட்டாத தூரத்திலும் எங்கள் மாடியின் காதுக்கு அது எட்டியது. பெயர், வேகம், திசை எல்லாவற்றையும் அந்தக் கப்பல் சொல்லிக்கொண்டே தெற்கே இறங்கியது. எனக்காகச் சொல்லவில்லைதான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மைனி செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். நடுவில் எழுந்துபோய் காபி போட்டுக் கொண்டுவந்தார். இருவரும் குடித்தோம்.

ஒரு கட்டத்தில் முக்கோணம் நகரவில்லை.

"நின்னுட்டானா?"

"இல்ல மைனி. போய்ட்டேதான் இருக்காங்க. நமக்குக் கேக்கல. இதுதான் கடைசியாக் கேட்ட இடம்."

இருந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, முக்கோணம் அழிந்தது. மைனி அந்த இடத்தையே உற்றுப் பார்த்தார்.

"இப்ப எங்கன இருப்பான்?"

வேகம் தெரியும். திசை தெரியும். வரைபடத்தில் ஒரு விரல்கடைக்கு எத்தனை மைல் என்றும் தெரியும். திரையில் அது அழிந்த இடத்தில் விரலை வைத்து, கீழே கொஞ்சம் இறக்கினேன். "இங்கன."

"பொழுது அடையும்போது?"

விரல் திரையின் விளிம்பைத் தாண்டி விசைப்பலகைமேல் வந்தது.

"விடியக்காலையில?"

இலங்கையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். விசைப்பலகையையும் தாண்டி, மேசை விரிப்பின்மேல் விரலை மெதுவாக வலப்பக்கம் நகர்த்திக்கொண்டு போனேன். வழியில் மைனியின் காபித் தம்ளர் இருந்தது. மைனி அதை எடுத்து ஓரமாக வைத்தார்.